வெப்ப அறை யோகா: பாளையங்கோட்டையில் 24 வகுப்புகளுக்குப் பிறகு

பத்திரம் எழுதுவது என் தொழில். 28 வருடங்களாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஒரு சிறிய அறையில்தான் என் பகல் முழுவதும் கழிகிறது. ஆரம்பத்தில் சாய்வு மேசைக்கு முன் சம்மணம் போட்டு எழுதினேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, நாற்காலி வந்தது. போன ஐப்பசியில் ஒரு நாள் தரையில் விழுந்த முத்திரைத்தாளை எடுக்கக் குனிந்தேன். மேசைக் காலைப் பிடிக்காமல் நிமிர முடியவில்லை. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். முதுகெலும்பில் கோளாறு இல்லை, இடுப்பும் பின்தொடையும் இறுகிப்போயிருக்கின்றன, உடம்பை அசைக்காவிட்டால் மாத்திரையால் பயனில்லை என்றார். வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு வெப்ப யோகா நிலையம் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தேன்.

கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை 24 வகுப்புகள் போயிருக்கிறேன். பத்திரம் முடிக்க வந்து காத்திருப்பவர்கள், அங்கே என்னதான் செய்கிறார்கள், போகலாமா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். குறையும் சொல்லப்போவதால் நிலையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

கிரயப் பத்திரத்தில் சொத்தை விவரிக்கும்போது நான்கெல்லையைச் சொல்லுவோம். இந்த அறையையும் அப்படியே சொல்லிவிடுகிறேன். இடம் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடி. கிழக்கே சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி. மேற்கே இரண்டு ஜன்னல்கள், இடுக்கில் ரப்பர் பட்டை வைத்து அடைத்தவை. வடக்கே ஒரே ஒரு கதவு, அதற்கு மேல் காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி. தெற்கே வெறும் சுவர். அதில் ஆளுயரத்தில் ஒரு சிறிய மீட்டர், மேல் வரியில் வெப்பம், கீழ் வரியில் காற்றின் ஈரப்பதம். கூரையில் வெள்ளை நிறத்தில் ஆறு அகச்சிவப்புத் தகடுகள். அவை காற்றை ஊதுவதில்லை. காலை எட்டு மணி வெயில் தோள்மீது விழுவதுபோலச் சூடு வந்து இறங்கும். கை நீட்டினால் அடுத்தவர்மேல் படாமல் 14 பேர் நிற்கலாம்.

சேர்ந்த அன்று ஒரு படிவம் கொடுத்தார்கள். இரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். கையெழுத்துப் போடும் முன் கடைசி வரிவரை படிப்பது என் வழக்கம். என்னிடம் வருகிறவர்களையும் படிக்க வைப்பேன். முதல் பக்கத்தில் இதய நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு, கர்ப்பம், அண்மையில் நடந்த அறுவைச் சிகிச்சை, சாப்பிடும் மாத்திரைகள் என்று கேள்விகள். எல்லாம் கேட்கவேண்டிய கேள்விகள்தான். இரண்டாம் பக்கத்தில், எது நேர்ந்தாலும் நிலையம் பொறுப்பேற்காது என்று நீளமாக ஒரு பத்தி. என்னோடு சேர வந்திருந்த ஓர் அம்மா படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நீர் பிரிவதற்கான மாத்திரை தினமும் சாப்பிடுகிறவர் அவர் என்பது பிறகு பேச்சோடு பேச்சாகத்தான் தெரிந்தது. அந்த மாத்திரை உடம்பிலிருந்து நீரையும் உப்பையும் இறக்கும். அதற்கு மேல் இந்த அறையில் வியர்த்தால் தாங்காது. படிவத்தில் அந்தக் கேள்வி இருந்தது. ஆனால் அது அவருக்குத் தெரிந்த மொழியில் இல்லை. பொறுப்பாளரிடம் இதைச் சொல்லி, நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்றேன். மறுவாரமே தமிழ்ப் படிவம் அச்சாகி வந்துவிட்டது. அந்த அம்மாவின் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். எடுத்துச் சொன்னால் கேட்கிற இடம் என்ற நம்பிக்கை எனக்கு அன்றுதான் வந்தது.

எனக்கும் இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை உண்டு. டாக்டரிடம் கேட்ட பிறகே பணம் கட்டினேன். சூட்டில் தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும், மாத்திரையும் அழுத்தத்தை இறக்கும், இரண்டும் சேர்ந்தால் குனிந்து நிமிரும்போது கண் இருட்டும் என்று விளக்கினார். முதல் ஒரு மாதம் இளஞ்சூட்டு வகுப்புக்கு மட்டும் போங்கள் என்று நிபந்தனை போட்டார். இது என் உடம்பைப் பார்த்து எனக்குச் சொன்னது. உங்கள் டாக்டர் உங்களுக்கு வேறு சொல்லலாம். கேட்காமல் போகாதீர்கள்.

வெப்ப யோகா என்ற பெயரில் எல்லா இடத்திலும் ஒரே பயிற்சி நடப்பதில்லை. இதை உலகமெங்கும் பரப்பியவர் கொல்கத்தாவில் பிறந்த பிக்ரம் சௌத்ரி. பரமஹம்ச யோகானந்தரின் தம்பி பிஷ்ணு சரண் கோஷிடம் கற்று, 1970களில் அமெரிக்கா போனவர். 26 ஆசனங்கள், இரண்டு மூச்சுப் பயிற்சிகள், 90 நிமிடம், 40 டிகிரிக்குச் சற்று மேல் வெப்பம், 40 சதவீத ஈரப்பதம்: இது அவர் வகுத்த கணக்கு. அந்த வரிசையே தன் சொத்து என்று அவர் தரப்பு வழக்குப் போட்டது. ஒரு பயிற்சி முறைக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2015இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்துவிட்டது. யாருக்கு எது உரிமை என்பதையே 28 வருடமாக எழுதிவருகிற எனக்கு அந்தத் தீர்ப்பு மனநிறைவைத் தந்தது. 1887இல் சுவாமி சிவானந்தர் பிறந்த பத்தமடைக்கு எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறிப் போய்வரலாம். அவர் ரிஷிகேசத்தில் இருந்து கற்பித்ததை அவருடைய சீடர்கள் கடல் கடந்து கொண்டுபோனார்கள். ஆசனத்துக்குப் பட்டா வாங்க முடியாது என்பது இந்த மண்ணில் பிறந்தவனுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பிக்ரமின் பெயரை இன்று பல நிலையங்கள் எடுத்துவிட்டன. அவர்மீது பெண்கள் பலர் பாலியல் புகார் கூறினார்கள். அவருடைய முன்னாள் சட்ட ஆலோசகருக்கு 70 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தரவேண்டும் என்று 2016இல் லாஸ் ஏஞ்சலஸில் ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். பெயர் போனாலும் அவர் வகுப்பில் இருந்த ஒரு பழக்கம் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அறையை விட்டு வெளியே போகாதே என்பதுதான் அது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் நிலையத்தில் மூன்று வகை. இளஞ்சூட்டு வகுப்பு 32 டிகிரி, 60 நிமிடம். வெப்ப வகுப்பு 38 டிகிரி, 75 நிமிடம், வரிசை மாறாத ஆசனங்கள். மூன்றாவது வின்யாசா, ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு நிற்காமல் ஓடுவது. நான் முதலில் எட்டு இளஞ்சூட்டு வகுப்புகள் போனேன், பிறகு 15 வெப்ப வகுப்புகள். வின்யாசாவுக்கு ஒரே ஒரு நாள். புதியவர்களுக்கு அது ஆகாது என்பது என் முடிவு. அந்த வேகத்தில் யார் முழங்கால் எங்கே போகிறது என்று எந்த டீச்சராலும் பார்க்க முடியாது.

வெப்ப வகுப்பின் கதவைத் திறந்ததும் முதலில் முகத்தில் படுவது ஈரம்; சூடு அதற்குப் பிறகுதான் தெரியும். வெயில் நமக்குப் பழக்கம்தானே என்று நம் ஊர்க்காரர்கள் நினைப்பது இயல்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நம் வெயில் எவ்வளவு கொடியதானாலும் ஒரு வேப்பமரத்தடி உண்டு. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று உண்டு. அந்த அறையில் நிழலும் கிடையாது, காற்றும் கிடையாது.

முதலில் மூச்சுப் பயிற்சி. இரு கை விரல்களையும் கோத்து மோவாய்க்கு அடியில் வைத்து, முழங்கைகளை உயர்த்தியபடி மூக்கால் இழுத்து வாயால் விட வேண்டும். நான்காவது மூச்சிலேயே நெற்றியில் முத்து முத்தாக அரும்பிவிடும். அர்த்த சந்திராசனம், பாத ஹஸ்தாசனம், உட்கட்டாசனம், கருடாசனம் என்று போகிற முதல் 20 நிமிடமும் சுகமாகவே இருக்கும். பல வருடங்களாக மடங்காத இடமெல்லாம் மடங்கும். ஒற்றைக் காலில் நிற்கும் ஆசனங்கள் தொடங்கியதும் நிலைமை மாறும். இதயத் துடிப்பு காதில் கேட்கும். புருவத்தைத் தாண்டிய வியர்வை கண்ணில் இறங்கி எரியும். துலாதண்டாசனத்தில் கையும் உடம்பும் ஒரு காலும் தரைக்கு இணையாக நீள, மறுகால் மட்டும் ஊன்றியிருக்கும். பத்து விநாடிதான். அந்தப் பத்து விநாடியில் 14 பேருடைய மூச்சும் தனித்தனியாகக் கேட்கும்.

தரையில் படுத்துச் செய்யும் ஆசனங்கள் வந்ததும் பாதி பாரம் இறங்கும். புஜங்காசனத்தில் தலையைத் தூக்கினேன். மூக்கு நுனியிலிருந்து சொட்டிய வியர்வை துண்டில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாகப் பரவியது. இரண்டாம் முறை தலையை இறக்கும்போது அந்த வட்டங்களெல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டிருந்தன. கடைசிப் பகுதியில் உஷ்ட்ராசனம் வரும். முழந்தாளிட்டு, இடுப்பை முன்னே தள்ளி, பின்னே வளைந்து குதிகால்களைப் பிடிக்க வேண்டும். நிமிர்ந்ததும் அறை ஒரு சுற்றுச் சுற்றும். டீச்சர் என்னை ஒருநாளும் குதிகாலைப் பிடிக்க விட்டதில்லை. “அண்ணாச்சி, கை இடுப்பிலேயே இருக்கட்டும், தலையைச் சாய்க்க வேண்டாம்” என்று ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லாமல், ஆனால் என்னை மட்டும் பார்த்துச் சொல்லுவார். முடிவில் சவாசனம். தகடுகளை அணைத்து மின்விசிறியைப் போடுவார்கள். வெட்டிவேர் ஊறிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சிறிய துண்டு ஒன்றை நெற்றியில் வைப்பார்கள். அந்தக் குளிர்ச்சியும் வாசனையும் மண்டைக்குள் இறங்குகிற ஐந்து நிமிடத்துக்காகவே இன்னொரு முறை போகலாம் என்று தோன்றும்.

அந்த டீச்சரைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண், முப்பதைத் தாண்டியிருக்காது. எல்லாவற்றையும் தமிழில் சொல்லித் தருவார். ஆசனத்தின் பெயர் மட்டும் வடமொழியில் வரும். நான்காவது வகுப்பில் என் பின்னால் வந்து நின்று, “அண்ணாச்சி, வேலை செய்யும்போது வலப் பக்கம் திரும்பித்தான் உட்காருவீர்களா?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். மூலப்பத்திரத்தை எப்போதும் மேசையின் வலப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் தட்டச்சு செய்கிறேன். இத்தனை வருடமும் அப்படித்தான். நேராக நிற்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது என் இடது குதிகால் ஒரு விரற்கடை தூக்கியிருந்ததை அவர் கவனித்திருக்கிறார். மறுநாளே பத்திரம் வைக்கும் தாங்கி ஒன்று வாங்கி நடுவில் வைத்தேன். எலும்பு டாக்டரின் படத்தில் விழாத காரணம் இது. ஏழாவது வாரத்தில், விழுந்த பேனாவை எடுத்துவிட்டு, மேசையைப் பிடிக்காமல் நிமிர்ந்திருக்கிறேன் என்பதை நிமிர்ந்த பிறகுதான் உணர்ந்தேன்.

இந்தப் பயன் சூட்டால் வந்ததா, ஆசனத்தால் வந்ததா என்ற கேள்வி எனக்கு விடாமல் இருந்தது. மகள் கோயம்புத்தூரில் பிசியோதெரபி படிக்கிறாள், அவளிடம் கேட்டேன். 2018இல் வெளிவந்த டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றை எடுத்துக் காட்டினாள். உடற்பயிற்சி இல்லாத நடுத்தர வயதுக்காரர்களில் ஒரு குழு 40.5 டிகிரியிலும் இன்னொரு குழு 23 டிகிரியிலும் அதே 26 ஆசனங்களை 12 வாரம் செய்திருக்கிறது. இரண்டு குழுவிலும் இரத்தக் குழாய்களின் விரியும் திறன் கூடியது. அதற்குச் சூடு தேவைப்படவில்லை. எடை குறைக்க வருகிறவர்களுக்கு இன்னொரு ஆய்வு. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அளந்தபோது, 90 நிமிட வகுப்பில் ஆண்களுக்குச் சராசரியாக 460 கலோரியும் பெண்களுக்கு 330 கலோரியும் செலவாயின. அதாவது வேகமான நடையின் அளவு. வரவேற்பறையில் இதைவிடப் பெரிய எண் ஒன்று விளம்பரமாகத் தொங்குகிறது. எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன், இன்னும் எடுக்கவில்லை.

வியர்வையோடு உடம்பின் நச்செல்லாம் வெளியேறும் என்ற பலகையும் அங்கே இருக்கிறது. இதையும் நான் ஏற்கவில்லை. வியர்வையில் போவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். நச்சைக் கழிப்பது கல்லீரலும் சிறுநீரகமும் செய்யும் வேலை. ஒரு நாள் வகுப்புக்கு முன்னும் பின்னும் வீட்டுத் தராசில் ஏறிப் பார்த்தேன். 74.2 கிலோ 73.4 ஆகியிருந்தது. நடுவில் அரை லிட்டர் குடித்திருந்தேன். ஆக, 1.3 லிட்டர் வியர்வை. மறுநாள் காலை தராசு பழைய எடைக்கே வந்துவிட்டது.

அப்படியானால் சூடு எதற்கு? என் அனுபவத்தில் சொல்கிறேன். இறுகிய உடம்பு சூட்டில் சீக்கிரம் இளகுகிறது. முதல் நாளிலேயே ஓர் அசைவு கூடியதுபோல இருக்கும். அந்த உற்சாகம் மறுபடி வரவைக்கும். ஆனால் அதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. சூட்டில் வலி சற்று மரத்துப்போவதால், எங்கே நிறுத்த வேண்டும் என்று உடம்பு சொல்லும் குரல் மெதுவாகக் கேட்கும். தசை நீளும், திரும்பி வரும். மூட்டைக் கட்டிவைத்திருக்கும் நார் அளவுக்கு மேல் நீண்டால் அப்படித் திரும்பி வருவதில்லை. எங்கள் வகுப்பில் ஒரு கல்லூரி மாணவி நெற்றி முழங்காலில் பட்டே ஆகவேண்டும் என்று இழுத்தாள். மறுநாள் உட்கார முடியவில்லை; பின்தொடைத் தசைநாண் பிசகி ஆறு வாரம் வரவில்லை. 20 வயதில் வளைவதும் 50 வயதில் வளைவதும் வேறு என்பார்கள்; 20 வயதுக்காரர்கள்தான் அதிகம் இழுத்துக்கொள்கிறார்கள்.

இனி அந்த மீட்டர். கீழ் வரியைப் பார்க்காமல் மேல் வரியை மட்டும் பார்ப்பது, சர்வே எண்ணைப் பார்க்காமல் விலையை மட்டும் பார்ப்பதற்குச் சமம். வியர்வை உடம்பைக் குளிர்விப்பது ஆவியாகும்போதுதான். சொட்டிக் கீழே விழுகிற வியர்வை எதையும் குளிர்விப்பதில்லை. அமெரிக்காவில் உலர்ந்த ஊர்களில் அறைக்குள் நீராவி சேர்த்து ஈரப்பதத்தை 40க்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. நமக்குக் கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக வருகிறது. கூடவே 14 பேருடைய வியர்வை. ஒரு மாலை 38 டிகிரியும் 61 சதவீதமும் காட்டியது. அன்று செய்த பாதி வகுப்பு மற்ற நாளின் முழு வகுப்பைவிடக் களைப்பாக இருந்தது. எங்கள் டீச்சர் கீழ் வரி 55ஐத் தாண்டினால் மின்விசிறியைப் போட்டுவிடுவார். சேரும் முன் வெப்பம் எவ்வளவு என்று கேட்பவர்கள் ஈரப்பதம் எவ்வளவு என்றும் கேளுங்கள்; மீட்டர் இல்லாத அறைக்குள் போகாதீர்கள்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். டீச்சர் ஊருக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வெளியூர்ப் பயிற்சியாளர் ஒருவர் வந்தார். தொடங்கும் முன்பே கதவைத் தாழிட்டுவிட்டு, 75 நிமிடமும் யாரும் வெளியே போகக் கூடாது, சூட்டை வெல்வதுதான் பயிற்சி என்றார். எனக்கு இடப் பக்கம் நின்றவர் ஒரு வங்கி ஊழியர். 40ஆம் நிமிடம் இருக்கும், அவர் விரிப்பில் உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்திருந்தது. எழுந்து நிற்கச் சொன்னார் பயிற்சியாளர். எழுந்தார். இரண்டு விநாடி நின்றார். சுவரைத் தேடி ஒரு கை நீண்டது. சுவர் அங்கே இல்லை. நானும் பின்வரிசையில் நின்ற ஒரு தம்பியும் தாங்கிக்கொண்டோம். தாழை நீக்கி வராந்தாவுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, கால்களை ஸ்டூல்மீது தூக்கி வைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துண்டு போட்டோம். எலுமிச்சம்பழச் சாற்றில் உப்பும் சர்க்கரையும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். பத்து நிமிடத்தில் முகம் தெளிந்தது. “நீங்கள் பேசியது காதில் விழுந்தது அண்ணாச்சி, பதில் சொல்லத்தான் வாய் வரவில்லை” என்றார்.

அவருக்கு நினைவு தவறவில்லை. அந்த அளவில் தப்பியது. பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ, வியர்த்தாலும் வியர்க்காவிட்டாலும் அது உயிருக்கு ஆபத்து. தண்ணீர் ஊற்றி உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும். அமெரிக்க உடற்பயிற்சிக் கவுன்சில் 2015இல் 20 பேரை வைத்து நடத்திய சோதனையில், நன்றாக இருக்கிறேன் என்று பயிற்சியை முடித்த ஒருவருடைய உள்வெப்பமே 40 டிகிரியைத் தாண்டியிருந்தது என்று மகள் சொன்னாள். அந்தத் தாழ்ப்பாளை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

பொறுப்பாளர் மறுநாள் அந்த வங்கி ஊழியரின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பயிற்சியாளரை மறுபடி அழைக்கவில்லை. தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள். கதவில் ஒரு பலகை மாட்ட வாசகம் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டார். ‘யாரும் எப்போது வேண்டுமானாலும் இந்தக் கதவைத் திறந்து வெளியே போகலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். நிபந்தனைகளாக எழுதிப் பழகிய கை, நிபந்தனையே இல்லாத இரண்டு வரிகளை எழுதியது.

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. விரிப்பு உங்களுடையதாக இருக்கட்டும். பொது விரிப்பில் படர்தாமரை ஒட்டிக்கொண்டு வரும். ரப்பர் விரிப்பு வியர்வையில் வழுக்கும், அதன்மேல் ஓர் ஈரிழைத் துண்டை விரியுங்கள். பனியன் துணி நனைந்து கனத்துத் தொங்கும். சீக்கிரம் உலரும் துணி நல்லது. அம்மாவின் பத்தமடைப் பாயைக் கொண்டுவரலாமா என்று கேட்டேன். வேண்டாம், கோரை தினமும் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், அந்தப் பாய் பாழாகிவிடும் என்றார் டீச்சர். வீட்டில் விடியற்காலையில் செய்யும்போது அதில்தான் செய்கிறேன். உடம்பில் ஒட்டாமல், குளிர்ச்சியாக, அதற்கு இணையில்லை.

சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகவேண்டும். உறவில் ஒரு மறுவீட்டு விருந்தில் மத்தியானம் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பாலும் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலுமாக நிறையச் சாப்பிட்டுவிட்டு மாலை ஐந்தரைக்கு வகுப்புக்குப் போனேன். முதல் குனிதலிலேயே எல்லாம் நெஞ்சுக்கு வந்தது. கால் மணி நேரத்தில் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன். தண்ணீரை அன்று காலையிலிருந்தே பிரித்துக் குடித்துவர வேண்டும். அறை வாசலில் ஒரு லிட்டரை ஒரே மூச்சில் குடிப்பது தவறு. வியர்த்த பிறகு வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். எனக்கு உப்புப் போட்ட நீர்மோர் ஒத்துக்கொள்கிறது. மாசி பிறந்த பிறகு சில நாள் பதநீர் கிடைத்தது. உடனே குளிக்காதீர்கள், கால் மணி நேரம் காற்றாட உட்காருங்கள். ஞாயிறு காலை வகுப்பு முடிந்து நேராகக் குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் இறங்கும் இளைஞர்களிடம், தலை கிறுகிறுப்பு அடங்காமல் படித்துறையில் கால் வைக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மற்ற விவரங்கள்: ஒரு நாள் சோதனை வகுப்பு 250 ரூபாய், பத்து வகுப்புக்கு 3,000, இருபதுக்கு 5,000. ஆண்களுக்கு ஒரே குளியலறை, காலை வகுப்பு முடிந்தால் வரிசை நிற்கும். வகுப்புக்கு வகுப்பு தரையைத் துடைக்கிறார்கள். ஆனால் மாலைக்குள் ஒரு புழுங்கல் வாடை வந்துவிடுகிறது, ஜன்னல்களைப் பகலில் திறந்துவைத்தால் போகும். அட்டைக்குக் கால வரம்பு இருப்பதுதான் பெரிய குறை. பத்துக்கு இரண்டு மாதம், இருபதுக்கு நான்கு மாதம். உடம்பு சரியில்லாதவர் அட்டை முடிந்துவிடுமே என்று இந்த அறைக்குள் வருவதைப்போல ஆபத்து வேறில்லை.

பங்குனி பாதியில் ஒரு மாலை, வகுப்பு முடிந்து வராந்தாவுக்கு வந்தேன். வெளியே வந்தும் வேறுபாடு தெரியவில்லை. மாடிப்படியின் கைப்பிடி அந்த நேரத்திலும் சுட்டது. பகலெல்லாம் வெயிலில் வெந்த உடம்பை மறுபடி சூட்டில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அட்டையில் இன்னும் ஏழு வகுப்புகள் மீதியிருந்தன. அட்டையைப் பொறுப்பாளரின் மேசைமேல் வைத்து, அக்கினி நட்சத்திரம் கழிந்து, சாரல் முடிந்து, ஐப்பசி மழை விழுந்த பிறகு வருகிறேன், அதுவரை இதை நிறுத்திவைக்க வேண்டும் என்று கேட்டேன். இதுவரை யாருக்கும் அப்படிச் செய்ததில்லை என்றார். சற்று நேரம் யோசித்தார். அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி, ‘மீதி 7, ஐப்பசி முதல்’ என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். எல்லாருக்கும் இதேபோலச் செய்வீர்களா என்றேன். அடுத்து வந்து கேட்டவருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.